தடை கட்டுதல்

எண்ணூர் முகத்துவாரம், சாம்பல் குழாய்க்குக் கீழே
ஆறடிக்கு நாலடித் தகரம்.
சிவப்பு எனாமல் ஒரு டப்பா,
மீதியைத் திருப்பித் தரணும்.
சீட்டில் இருந்தது ஒரே வரி:
இப்பகுதியில் மீன் பிடிக்கத் தடை விதிக்கப்படுகிறது.

முப்பது வருஷமாக எழுதுகிறேன்.
'விளம்பரம் செய்யாதே' என்று எழுதியே
தண்டையார்பேட்டையில் பாதிச் சுவரை
நான்தான் அடைத்திருக்கிறேன்.
'த' சுலபம். 'டை'யில் கை கொஞ்சம் நிற்கும்.
வாயில் கடைசியாக வருகிற ஐ
தகரத்தில் முந்திக்கொண்டு நிற்கிறது,
இரண்டு சுழி போட்டு, வாசல்காரன் மாதிரி.

தடு என்பது முதலில் ஒரு கையாகத்தான் இருந்திருக்கும்.
ஓங்கின தடிக்குக் குறுக்கே போன கை.
தடுத்தவனுக்கு முகம் இருந்தது,
மறுநாள் முழங்கையில் வீக்கம் இருந்தது.
பிறகு எவனோ அதைப் பெயர்ச்சொல்லாக்கி
நாற்காலியில் உட்கார்த்திவிட்டான்.
இப்போது ஆளே இல்லை.
விதிக்கப்
படுகிறது.

காசிமேட்டில் நான் கேட்ட தடை வேறு.
வெறும் கூடையை ஒரு தட்டில் வைத்து
எதிரே கல், ஓட்டுத்துண்டு, ஒருநாள் செருப்புகூட,
முள் நடுவில் நிற்கிறவரை போட்டுக்கொண்டே
"தடை கட்டியாச்சா?" என்று கத்துவார் சவேரிமுத்து.
கட்டினால்தான் மீனுக்கு மட்டும் காசு.
கூடையின் கனம் யார் தலையிலும் விழாது.
அதே எழுத்து. அதே இரண்டு சுழி.

"இன்னாயா எழுதுற?"
தேசம்மாள். இடுப்புவரை சேறு காய்ந்திருந்தது.
"இங்க மீன் புடிக்கக் கூடாதாம்."
"யாரு சொன்னது?"
சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் பெயின்ட் கடை பில்.
"சாம்பல் கொட்டுறவனுக்கு எழுதுன போர்டு எங்க கீது?"
அதற்குச் சீட்டு வரவில்லை.

பனை ஓலைப் பறியின் கயிற்றைப்
பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.
இரண்டு கையும் அடியில், இறால் தேடி.
பறி என்றால் கூடை.
பறி என்றால் பிடுங்கு.
வாய் நிறையப் பறி இருந்ததால்
அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை.

'டை'யின் கீழ்க்கோடு ஒழுகியது.
துணியால் துடைத்தேன், இன்னும் அகலமாகிவிட்டது.

சாயங்காலம் ஸ்டோரில்
மீதி எனாமலை டப்பாவோடு நிறுத்தார்கள்.
தடை கட்டவில்லை.
தகரத்தின் கனமும் பெயின்ட் கணக்கில் ஏறியது.
கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.