வலது மூலை

ஷெப்பர்டனில் பேரிக்காய் பொதி செய்யும் வேலை,
காலை ஐந்தரைக்கு.
அதற்கு முன் மடிக்கணினியைத் திறந்து
குடிவரவுப் பக்கத்துக்குள் போய்
ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு
இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவேன்.
திரை ஒருதரம் கண்ணை மூடித் திறக்கும்.
அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

அந்த வரி: பரிசீலனையில் உள்ளது.

பழக்கம் தொடங்கிய கதை சின்னது.
இரண்டாம் வருஷம் ஒருநாள் அந்த வரியே இல்லை.
உங்கள் பெயரில் எதுவும் காணப்படவில்லை என்றது பக்கம்.
தொலைபேசியில் நாற்பது நிமிஷம் வயலின் கேட்ட பிறகு
ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:
இருந்தது என்பதற்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?
நான் எதுவும் வைத்திருக்கவில்லை.
மூன்றாம் நாள் வரி தானாகவே திரும்பி வந்து நின்றது,
கடைக்குப் போய்வந்த ஆள் மாதிரி.
அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

இன்று நித்திரை வராமல் மூன்று மணிக்கே எழும்பி
அறுநூற்றுப் பதின்மூன்றாவதை அழுத்தினேன்.
திரை கண் மூடவில்லை.
இடமில்லை என்றது.
மூருப்னாவில் ஒரு பஞ்சாபிப் பொடியனிடம்
நூற்றைம்பது டொலருக்கு வாங்கியது, வயிறு சின்னது.

சரி, பழையதைக் கழிப்போம் என்று கோப்புறையைத் திறந்தேன்.
அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் படங்கள் ஓடுகின்றன.
நடுவில் அந்த வரி நட்ட கல்லாய் நிற்கிறது.
வலது மூலையில் மணி மட்டும்
பேய் பிடித்து ஆடுகிறது:
4.41, 4.38, 4.50,
ஒருநாள் 2.15. அன்று என்ன நடந்தது, ஞாபகமில்லை.
ஒரு தையில் நாற்பத்துநான்கு பாகை, பக்கத்தில் புகை என்று எழுதியிருக்கிறது.
ஒரு ஆடியில் சைபர்.
பற்றரி ஆறு வீதத்துக்கு இறங்கிய இரவுகளும் உண்டு.

ஞாயிறு மாலைகளில் எடுத்தவற்றின் இடது ஓரத்தில்
அழைப்பு ஜன்னலின் ஒரு விரற்கடை
துருத்திக்கொண்டிருக்கிறது.
அதற்குள் கபிஷாவின் வகிடு.
முழு முகம் ஒன்றிலும் இல்லை, வகிடுதான்.
முதலில் நடு வகிடு, இரட்டைப் பின்னல்.
பிறகு கோணல் வகிடு.
நூற்றெழுபதில் நெற்றி மேட்டில் ஒரு பிளாஸ்டர்;
விழுந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ஐந்நூற்றுச் சொச்சத்தில் வகிட்டையே காணோம்,
மயிரை முன்னால் இழுத்துக் கத்தரித்து விட்டிருக்கிறாள்.
மன்னாருக்கும் அது வந்துவிட்டதா?

நடுவை வெட்டி எறிந்துவிட்டு
ஓரங்களை வைத்துக்கொள்ளலாம் என்று
கத்தரிக்கும் கருவியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன்.
அதற்குப் பெட்டி போட மட்டும்தான் தெரியும்.
வகிட்டை எடுத்தால் மணி போகிறது,
மணியை எடுத்தால் வகிடு போகிறது,
இரண்டும் வேண்டும் என்றால்
நடுவில் அந்த வரியும் கூடவே வருகிறது.

ஒன்றையும் அழிக்கவில்லை.
இடமில்லை என்ற அறிவிப்பு இன்னும் திரையில் நின்றது.
பழக்கதோஷம், அதற்கும் ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்று
விரல்கள் போய் அழுத்தின.
இடமில்லை என்பதை வைக்கவும் இடமில்லை.

அடுத்த அறையில் ரஜீபனை எழுப்பி,
உன் போனால் இதை ஒன்று எடு என்றேன்.
சாரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து
ஒற்றைக் கண்ணைத் திறந்து எடுத்தான்.
படத்தில் திரை சரிந்து, வானவில் கோடுகள் நெளிந்து,
அதன் மேல் கண்ணாடியில் ஓர் ஆள்:
நரைத்த தாடி,
கழற்றாமல் படுத்த வேலைச் சட்டையின் மஞ்சள் பட்டை,
என்னைப் போலவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டில்
ஒன்றிலாவது நான் இருந்தேனா என்று
யோசித்துக்கொண்டு நின்றேன்.

"உங்கட முகம் விழுந்திட்டுது அண்ணை.
லைற்றை நூத்திட்டு வேற ஒண்டு எடுக்கட்டே?"

வேண்டாம், அதையே அனுப்பு என்றேன்.
மூலையில் 4.44.
பேரிக்காய்க்கு நேரமாகிவிட்டது.