ஏழு சென்டிமீட்டர்

கராஜில் கிடந்த பெரிய நட்டு ஒன்றை
மீன்பிடி நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
நூல் நேராக நின்றது.
சுவர்தான் நிற்கவில்லை.
நடுவயிற்றில் ஏழு சென்டிமீட்டர்
காரை நோக்கி வந்திருந்தது.

"வாங்கும்போதே அப்படித்தான்" என்றான் ஈலிஃப்.
"பெர்கன் மலைச்சரிவில்
எந்தச் சுவர் நிமிர்ந்து நிற்கிறது, சொல்."
கல்லிலேயே பென்சிலால் குறித்திருந்ததைக் காட்டினேன்:
செப்டம்பர் பதினொன்று, ஆறு.
அக்டோபர் இரண்டு, ஆறரை.
அக்டோபர் பத்தொன்பது.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான்,
கழற்றினான்,
மண்வெட்டி எங்கே என்று கேட்டான்.

இடித்துக் கட்டக் காசில்லை.
பின்பக்கம் தோண்டினோம்,
ஒரு நேரத்தில் இரண்டு மீட்டர் மட்டும்.
ருபார்ப் செடிகள் வாளிகளுக்குக் குடிபோயின.
கரன்ட் புதர் வர மறுத்து
வேரில் பாதியை மண்ணிலேயே வைத்துக்கொண்டது.
முழங்கால் ஆழத்தில் செங்கல் துண்டுகள்,
சைக்கிள் வளையம், ஒற்றைக் கையுறை,
கட்டியவர்கள் குடித்துப் போட்ட
பீர் பாட்டில்கள் பதினான்கு.
அதற்குக் கீழே களிமண்,
நீலம் பாரித்து, பூட்ஸை விடாமல் பிடித்தபடி.
அதற்கும் கீழே குழாய்.

இருந்தது, குழாய் இருந்தது!
யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்.
ஆனால் துளைகள் வானத்தைப் பார்த்தபடி,
தொண்டைவரை சேறு.

மேல்வீட்டு அஸ்லாக் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.
அவர் கூரைத் தண்ணீர் முழுவதும்
எங்கள் சுவரின் முதுகில்தான் இறங்குகிறது;
அதனால் நான்கு வருடமாக
ஒரு வணக்கம்கூட இல்லை.
புதுக் குழாயைப் பார்த்ததும் வாய் திறந்தார்:
"துளை மேலேதான் இருக்கணும்,
மழை மேலேயிருந்துதானே வருது."
ஈலிஃபும் தலையாட்டினான்.
நான்கு வருடத்தில் முதல் ஒற்றுமை.
கெடுக்க மனமில்லை.
கெடுத்தேன்.

மகளின் பழைய குளியல் தொட்டியில்
குழாய்த் துண்டு ஒன்றை வைத்து
சுற்றிலும் ஜல்லி கொட்டி
பூவாளியால் ஊற்றினேன்.
துளை மேலே: தண்ணீர் குழாயின் தோள்வரை ஏறி
அப்புறம்தான் வாசலைக் கண்டது.
அதுவரை அத்தனையும் வெளியில்,
சுவர் இருந்தால் சுவரைத் தள்ளிக்கொண்டு.
திருப்பிவைத்தேன்.
அடியில் விரலளவு சேர்ந்ததுமே
சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து
மறுமுனையில் ஒழுகியது.
மழை மேலேயிருந்து வரலாம்.
மண்ணுக்குள் போனபின்
தண்ணீர் கீழிருந்துதான் ஏறுகிறது.
அஸ்லாக் குடையை மடக்கினார்.
மழை நிற்கவில்லை.

துணி விரித்து, ஜல்லி, குழாய், மறுபடி ஜல்லி,
துணியை மேலே மடித்து மூடினோம்,
உருளைக்கிழங்கு ரொட்டியில் சாசேஜைச் சுருட்டுவதுபோல.
மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு.
ரசமட்டத்தின் குமிழி சொன்னதை
இருவரும் மறுபேச்சின்றிக் கேட்டோம்.

நவம்பர் நான்காம் தேதி இரவு பெருமழை.
பைஜாமாவுக்கு மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டி இறங்கினால்
குழாய் வாயருகே ஈலிஃப்,
டார்ச்சோடு,
கார் கதவைச் சரிபார்க்க வந்தவன்போல.
முதலில் காப்பி நிறத்தில் வந்தது,
துப்பித் துப்பி.
பிறகு தேநீர்.
பிறகு நிறமே இல்லாமல்,
தெருவுக்கு வழி தெரிந்த மாதிரி.
மேலே அஸ்லாக் வீட்டில் விளக்கெரிந்தது.
அவர் கூரைத் தண்ணீர் இன்னும் இங்கேதான் இறங்குகிறது;
அதைப் பேச வேண்டும்.
இப்போது இல்லை.

காலையில் நூலைத் தொங்கவிட்டேன்.
ஏழு.
டிசம்பரிலும் ஏழு.
வைத்த வயிறு உள்ளே போகாது, தெரிந்ததுதான்.
பென்சில் எழுத்துதான்
மழையில் மங்கிவந்தது.
நேற்றுப் பார்த்தேன்,
அதன்மேல் யாரோ திரும்ப எழுதியிருக்கிறான்,
என் கையெழுத்தைப் போலவே,
ஆனால் கொஞ்சம் அழுத்தி.