ஒன்றேகால் அங்குலம்

பழைய சோனகத் தெருவில் பதினொரு வருடம்
ஆணி நிறுத்துக் கொடுப்பவன் நான்.
மூன்று தசம் இரண்டு சென்ரிமீற்றர் என்று
எக்கோ எடுத்த பிள்ளை சொன்னபோது
மனதுக்குள் மாற்றிக்கொண்டேன்:
ஒன்றேகால் அங்குலம்.
எங்கள் கடையில் இடப்பக்கம், மூன்றாம் தட்டு,
மஞ்சள் பெட்டி.

திரையில் ஒரு சாம்பல் கதவு
திறந்து மூடித் திறந்து மூட,
கதவோரம் அது,
கடை பூட்டும் நேரம் வந்து
போகாமல் நிற்கிறவனைப் போல.

முழங்காலில் தொடங்கியது.
முந்தின வைகாசியில் மகரகமவில்
காலையே கொடுத்தோம்.
'இனி அதுக்கு ஓட இடமில்லை' என்றாள் தர்ஷி.
இருந்திருக்கிறது.

பெரிய டொக்டர் சிங்களத்தில், எனக்கு விளங்கட்டுமென்று
மெதுவாகச் சொன்னார்:
இதயத்துக்குள் இருந்தாலும் இது எலும்புதான்,
எலும்பாகத்தான் வளரும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கோபம் வந்தால் தர்ஷி என்னைக்
கல்நெஞ்சன் என்பாள்,
இனிப் படத்தோடு நிரூபிக்கலாம்.

விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது
என்று எங்கள் பில்லில் சீல் உண்டு.
கொடுத்த கால்
நடந்து நடந்து
இங்கே வந்திருக்கிறது.

சிவப்பு மருந்து இனி ஏற்ற முடியாதாம்.
சிறுநீர் பீற்றூட் தண்ணியாய்ப் போன ஆறு தடவையோடு
கணக்கு முடிந்தது;
மிஞ்சினால் இதயத்தை மருந்தே தின்றுவிடும்.
ஆக, கத்தி.
இரத்தத்தை மெஷின் சுற்றும்,
இதயத்தை நிறுத்தி வைப்பார்கள்.
'நிப்பாட்டினதைத் திருப்பி எப்பிடி டொக்டர்...'
தர்ஷி முடிக்கவில்லை.
அவர் உள்ளங்கையை மூடி, விரித்துக் காட்டினார்:
'பெரும்பாலும் தானாகவே.'

பெரும்பாலும்.
138இல் கிருலப்பனை வரைக்கும்
அந்தச் சொல்லை
இருவரும் ஒரே கம்பியாகப் பிடித்துக்கொண்டு வந்தோம்.
அவர் சொன்ன மற்றதைப் பற்றி
(நுரையீரலில் இரண்டு பொட்டு,
எடுத்தாலும் மாதக் கணக்குத்தான்)
பஸ்ஸில் பேசவில்லை.
வீட்டிலும் இல்லை. மீன் பொரித்தாள்.
முள் எடுத்துத் தந்தாள்,
நான் என்ன சின்னப்பிள்ளையா.

ரிஸ்மி முதலாளி இரத்தத்துக்கு ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறார்,
மூட்டை தூக்கும் சுனிலையும் சேர்த்து.
'செவ்வாய்வரைக்கும் வீட்ட இரியுங்களே' என்றார்.
வீட்டில் இருந்து எதை எண்ணுவது?

இன்று பின்னேரம் ஒருவன் வந்தான்.
'ஒன்றேகால் போல்ட் இருக்கா?'
ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு மஞ்சள் பெட்டியை இறக்கினேன்.
ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.
எண்ணெய்ப் பிசுக்கு. குளிர்.
நினைத்ததைவிடப் பாரம்.

'அண்ணே?' என்றான்.
'எத்தனை வேணும்' என்றேன்.