இடது கதவு

ஆரியங்காவில் பழைய இரும்புக் கடையிலிருந்து
லாரியில் ஏறி வந்தது, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.
பானெட் முன்பக்கமாய்த் திறக்கும்,
பல் டாக்டரிடம் போனவன் வாய்போல.

இரண்டு சாரல் காலம் தார்ப்பாய்க்குள் வேலை.
எண்பதாம் நம்பர் உப்புத்தாள், மண்ணெண்ணெய், கம்பி பிரஷ்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
சோற்றில் ஆணி ருசி.

நீலத்தைச் சுரண்டினால் பச்சை.
பச்சைக்கு அடியில் வெள்ளை.
வெள்ளையில், இடது கதவில்,
சிவப்பாய் ஒரு கூட்டல் குறி.

புனலூர் மாத்தன் டாக்டர் வண்டி!
புளியரைச் செக்போஸ்டில்
வெள்ளிக்கிழமை ராத்திரிதோறும்
நான்தான் கம்பைத் தூக்கிவிடுவேன்.
"பிரசவக் கேஸ்" என்பார்.
கொட்டுகிற மழையில் விறைப்பாய் நிற்பேன்.

கதவைச் சாத்தும்போதெல்லாம்
உள்ளே ஏதோ சரசரக்கும்.
துரு உதிர்கிறது என்றிருந்தேன்.
நேற்று உள் அட்டையைக் கழற்றினேன்.

அரிசி.
கறுத்து, வண்டு குடைந்து,
கண்ணாடி இறக்கும் பல்சக்கரத்தில் சிக்கி
நாற்பது வருஷத்து ரேஷன் அரிசி.

குழல்வாய்மொழி முறத்தோடு வந்தாள்.
"அரிசி மூட்டைக்கா சல்யூட் அடிச்சீய?"
சிரித்த சிரிப்பில்
அள்ளியதில் பாதி கீழே.

ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தேன்.
கண்ணாடி ரப்பர் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது.
ஒரு ஸ்க்ரூகூட மாறக்கூடாது எனக்கு,
இருந்தபடியே இருக்கணும்.
அதனால்
அட்டையை மூடும் முன்
முறத்திலிருந்து ஒரு பிடி
உள்ளேயே போட்டேன்.

சாத்திப் பார்த்தேன். அதே சத்தம்.
மேற்கே மழை கட்டியிருந்தது.
வலது கதவு பாக்கி.