இன்னும் இல்லை, மெர்ல்

மொத்தம் ஐந்தே நிமிடம்.
ராக் குழு ஒன்று ஒலிப்பதிவு செய்கிறது.
பின்வரிசையில், வண்டிச் சக்கரம் போன்ற சேகண்டிக்குப் பக்கத்தில்
மெர்ல் நிற்கிறான்,
பஞ்சு சுற்றிய கொட்டாப்புளியோடு.
பாட்டு முழுக்க அவனுக்கு ஒரே ஒரு அடி.
கையை ஓங்குகிறான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர்:
"இன்னும் இல்லை, மெர்ல்."

அவ்வளவுதான்.
சொன்னால் சிரிப்பு வராது, தெரியும்.
டுலூத்தின் ஜனவரியில் இதை யாருக்காவது விளக்கினால்
குளிர் மண்டைக்கு ஏறிவிட்டதா என்று கேட்பார்கள்.

பாடகன் சரணத்துக்கு மேல் சரணம் பாடுகிறான்.
கிடார்க்காரன் மண்டியிட்டு, எழுந்து, மறுபடி மண்டியிடுகிறான்.
ஓங்கிய கையை இறக்கவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல்
மெர்லின் அக்குளில் வியர்வை
ஒரு கண்டத்தை வரைந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் நிமிடம் நாற்பதாம் நொடி.
பேஸ் வாசிப்பவன் தோற்றுப்போகிறான்.
உதட்டைக் கடிக்கிறான், மூக்கைச் சொறிகிறான்,
ஒட்டுமீசை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்க
சடாரென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.
தோள்கள் மட்டும் குலுங்குகின்றன.

நாங்கள் பார்ப்பது அந்தத் தோள்களைத்தான்,
இருபத்தாறு வருடமாக.
யாரும் எழுதிக்கொடுக்காத
அந்தப் பதினோரு நொடிக்காகத்தான் மற்றதெல்லாம்.

நாங்கள் என்றால் வியாழக்கிழமை பௌலிங் குழு.
சட்டை முதுகில் சேகண்டி தைக்கச் சொன்னோம்.
தையல்காரி தைத்தது பீட்சா மாதிரி வந்துவிட்டது.
அப்படியே போட்டுக்கொண்டோம்.

லவர்ன் மூன்றாவது முறை மோதிரம் மாற்றியபோது
தேவாலயத்தின் கடைசி வரிசையிலிருந்து சொன்னோம்.
கென்ட்டின் ரொட்டி அடுப்பில் உப்பும்போது,
பல் வைத்தியரின் ஊசி நெருங்கும்போது,
சம்பளம் ஏறியிருக்கிறதா என்று உறையைப் பிரிக்கும்போது.
ஒருமுறை, டெல்பர்ட்
ஏரியின் புதுப் பனிக்கட்டி மேல் லாரியை ஏற்றப் போனபோது.
அது மட்டும் வேடிக்கைக்குச் சொன்னதில்லை.
அவனும் கேட்டான், பின்னால் எடுத்தான்.

அப்புறம் ரோவீன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
எங்கள் குழுவில் அதிகப் புள்ளி அவளுடையதுதான்.
மார்பில் கட்டி. ஆறு சுற்று மருந்து.
ஒவ்வொரு சுற்றுக்கும் சொட்டுக் குழாயைப் பார்த்து அவளே
"இன்னும் இல்லை, மெர்ல்" என்பாள்.
நர்சுகள் மெர்லை அவள் கணவன் என்று நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் மாடி நடைவழிச் சுவரில் ஒரு வெண்கல மணி.
மருந்து முடிந்தவர்கள் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவது அங்கே வழக்கம்.
ஒன்பது பேர் போனோம், எல்லோரும் அதே சட்டையில்.
வரவேற்பில் ஒரு பெண் கேட்டாள்:
"பீட்சா யார் சொன்னது?"

காரிலேயே பேசி வைத்திருந்தோம்:
இன்றைக்கு யாரும் அதைச் சொல்லக் கூடாது.
இடம் பொருள் ஏவல் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ரோவீன் நீலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.
மணிக்கயிற்றைப் பிடித்தாள்.
கையை உயர்த்தினாள்.

நிறுத்தினாள்.

நாங்கள் நல்ல பிள்ளைகளாக நின்றோம்.
காப்பி இயந்திரம் எங்கோ உறுமி அடங்கியது.
அவள் கை நடுங்கத் தொடங்கியது,
நான்கு மாதத்தில் நூல்போல் ஆகிவிட்ட கை.
கழுத்தைத் திருப்பி
எங்களை ஒவ்வொருவராக முறைத்தாள்.
"பாவிகளா," என்றாள்,
"எத்தனை நேரம் தூக்கிக்கொண்டே நிற்பது?
யாராவது சொல்லுங்களேன்."

கென்ட் வாயைத் திறந்தான்.
வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிறவன்.
அவன் குரல் கீச்சென்று, பையன் குரல் மாதிரி வந்தது.

என்ன சொன்னான் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை.
மணி சத்தமாக அடித்தது என்கிறாள் லவர்ன்,
சிங்கில் கரண்டி விழுந்த மாதிரி என்கிறான் டெல்பர்ட்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தேன்.
கை கழுவும் முறையை
ஆறு படங்களாக அங்கே ஒட்டியிருந்தார்கள்.
நான்காவது வரை படித்தேன்.