உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்

கம்பெனி ஷட்டரை இறக்கி நாற்பது நாள் ஆகிறது.
இன்று காலை பதினேழு பேர்
எனக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்,
அங்கே நான் ஆறு வருடம் முடித்ததற்கு.

படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டிருந்தேன்,
வேலைக்குத் தயார் என்று.
வாழ்த்தியவர்கள் வளையத்தைப் பார்க்கவில்லை.
அல்லது பார்த்துவிட்டுத்தான் வாழ்த்தினார்கள்.
இரண்டில் எது தேவலை என்று தெரியவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு தொடர்புகள்.
அதில் தூத்துக்குடி சந்தனமாரியைச் சொல்லவேண்டும்.
முகம் பார்த்ததில்லை, படத்தில் ஒரு கிரேன்தான் இருக்கும்.
ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு
பழைய மோட்டார் பம்புக்கு எந்தத் தீர்வை எண் என்று
பொதுவில் கேட்டுவைத்தேன்.
விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும்.
எட்டு இலக்கம் வந்தது. கூடவே,
"சாப்ட்டுட்டுத் தூங்குங்க மேடம்."
பெட்டி கப்பலேறியது. நானும் சாப்பிட்டேன்.

தண்டையார்பேட்டை, ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி.
கரண்ட் விட்டுவிட்டு வருகிறது.
அந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில்
ட்ரெய்லர்கள் வரிசையில் நின்று பெருமூச்சு விடுகின்றன.
நான் திறமைகள் என்ற கட்டத்தை நிரப்புகிறேன்.
ஷிப்பிங் பில். எக்செல். ஆங்கிலம், ஓரளவு.
இன்னும் ஒன்று சேர்த்தால் நல்லது என்றது திரை.
சச்சரவுகளைக் கையாளுதல் என்று போட்டேன்.
ஏன் போட்டேனோ.

அப்போதுதான் ஓரமாய் ஒரு முகம் வந்தது,
உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்ற வரியோடு.

அமிர்தகலா ஜி.
மனிதவளப் பிரிவு, கன்டெய்னர் யார்டு, மணலி.
சாம்பல் பின்னணி, காலர் வைத்த சட்டை,
பல் தெரியாத சிரிப்பு.

தெரிந்திருக்கலாமா?
மஞ்சள் குடம்!
மூணாவது மாடி, என் தலைக்கு நேர் மேலே.
லாரித் தண்ணி வரும் நாளெல்லாம்
என் பச்சைக் குடத்தைக் காலால் ஒதுக்குகிறவள்.
போன மாதம் அவளை நான் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
அவள் திருப்பிச் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது.
நாலு வருடச் சண்டையில்
பேர் கேட்கத் தோன்றவில்லை இரண்டு பேருக்கும்.

விரல் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.
இணை என்பதை அழுத்தினேன்.

எந்தக் கடலுக்கடியில் ஓடியதோ,
எந்த ஊர்க் குளிரறையில் நின்று வந்ததோ,
எனக்கு ஒன்பதடி மேலே
டிங் என்றது.
கட்டில் கிறீச்சிட்டது.
நடக்கும் சத்தம். நின்றது.
என் தலைக்கு மேல் ஒருத்தி
என்னைப் படித்துக்கொண்டிருந்தாள்.
கொருக்குப்பேட்டைப் பள்ளி, பி.காம்.,
ஆறு வருடம், பச்சை வளையம்.

"நீங்களா?"
என்று வந்தது.

நீங்கள்!
எங்கள் பிளாக்கில் அந்தச் சொல்
டாக்டருக்கும் மீட்டர் பார்க்க வருகிறவருக்கும்தான்.
ஆமாங்க என்றேன், நானும் விடாமல்.

"கேட் என்ட்ரிக்கு நைட் ஷிப்ட் ஆள் தேடுறோம்.
சம்பளம் கம்மி. வேன் உண்டு.
ரெஸ்யூம் அனுப்புங்க, நான் சொல்லிக்கிறேன்."

அனுப்பிவிட்டுத் திரும்பினால்
என் திறமைகளில் ஒன்றுக்கு மட்டும்
ஒருவர் சான்றளித்திருந்தார்.
எதற்கு என்று சொல்லவேண்டியதில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது. மேலேயும் வந்திருக்குமா என்று
நின்றுபோன மின்விசிறியைப்
பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

காலை ஐந்தரை. லாரி.
"இன்னாமே, குடத்த வெச்சிட்டா ரோடு உன்துதா?"
"அப்டித்தான் வெப்பேன், இன்னா பண்ணுவ?"
வரிசையில் யாரும் திரும்பக்கூட இல்லை.
பைப்பை அவள்தான் முதலில் பிடித்தாள்.
மஞ்சள் நிறைந்தது.
உதறி எறியவில்லை. அடுத்தவளுக்கும் தரவில்லை.
அப்படியே என் பச்சைக்குள் விட்டாள்.

"பத்து மணிக்கு போன் வரும், எடுமே" என்றாள்,
தண்ணியைப் பார்த்தபடி.