படுவான் கலர்

கடையில் அதற்கு அதுதான் பெயர்.
கண்கூசும் பச்சை, மேலே பொய்ச் சரிகை,
இரண்டு தண்ணீரில் வெளுத்துவிடும்.
"படுவான் கலர அடித்தட்டில வை" என்பார்
கிருபைரெத்தினம் முதலாளி.
"வெட்டு முடிய வருவாங்க."

பொழுது படுகிற கரை. அவ்வளவுதான் சொல்.
வாவிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன்
வைத்த பெயர்.

ஏழாம் வகுப்பில் வினைமுற்றுக்கு
எழுவான், படுவான் என்று எழுதினேன்.
எதிர்காலம். ஆண்பால். ஒருமை.
பாதையில் வாவி கடந்து வரும் டீச்சர்
சரி போட்டுவிட்டு
கொஞ்ச நேரம் கொப்பியை மூடாமல் இருந்தார்.

இன்று ஒருவர்
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
இந்தக் கடையில் யாரும் கழற்றுவதில்லை.
"மகளுக்கு. சடங்குக்கு உடுக்க."
நான் அடித்தட்டுக்குக் குனிந்தேன்.
என் கை தானாகப் போனது என்று சொல்லமாட்டேன்.
விரித்தேன். "எடுப்பா இருக்கும்" என்றேன்.
கையைச் சாரத்தில் துடைத்த பிறகுதான்
துணியைத் தொட்டார்.
"நீங்க எந்தப் பக்கம் புள்ள?"
"டவுன்தான்."

விண்ணப்பத்தில் இருப்பது
ஊறணிச் சித்தியின் விலாசம்.

கடல் ஊருக்குள் வந்த வருசம்
முதலாளி வீட்டார் பதினொரு பேர்
எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தார்கள்.
எங்கள் அரிசி, எங்கள் பாய்.
அந்தக் கிழமை முழுக்க
அந்தச் சொல்லை யாரும் பாவித்த ஞாபகம் இல்லை.

ஐந்தேகால் பஸ்.
ஏறினால், மூன்றாவது சீற்றில் அவர்.
இறங்கிவிடலாமா என்று பார்த்தேன்.
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
"இரிங்க புள்ள" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
இந்த பஸ்ஸில் படுவான் என்று ஒரு இடம் இல்லை.
மகிழடித்தீவு, முதலைக்குடா, அம்பிளாந்துறை,
கொண்டக்டர் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

மண்முனைப் பாலத்தில் ஏறியதும்
முன்கண்ணாடி முழுக்கப் பொழுது.
எல்லோரும் ஒரே மாதிரிக் கண்ணைச் சுருக்கினோம்.
அவர் மடியில் பச்சை மினுங்கியது.

"முதல் தண்ணியில
உப்புப் போட்டு ஊற வைங்க" என்றேன்,
வெளியே பார்த்துக்கொண்டு.
"இல்லாட்டிச் சாயம் போயிரும்."

"தெரியும்கா" என்றார்.
"போன வருசமும் இதத்தானே எடுத்த."